ஏலத்தில் ஜெயித்தவர் பணம் கட்டத் தாமதித்தால்: எந்த ஏற்பாடு யாருக்கு நியாயம்?

ஏலம் முடிந்த நொடியில் விற்பவரிடம் இருப்பது ஒரு பெயரும் ஒரு தொகையும்தான். பொருளை இனி வேறு யாருக்கும் விற்க முடியாது, ஆனால் பணமும் வந்தபாடில்லை. ஏலம் எடுத்தவருக்கு வேறு கவலை: முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, பார்த்திராத ஒருவர் பார்சலை அனுப்புவார் என்று அவர் நம்பியாக வேண்டும். ஆன்லைன் ஏலத் தளங்கள் இந்த இடைவெளியை ஒவ்வொன்றும் ஒரு விதமாகக் கையாள்கின்றன. நடைமுறையில் இருக்கும் ஏற்பாடுகள் ஐந்து. எல்லாமே நியாயம் என்ற பெயரில்தான் வருகின்றன, ஆனால் சுமை ஒவ்வொன்றிலும் வேறு வேறு தலையில் விழுகிறது.

ஒன்றை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். தாமதமாகக் கட்டுபவரும் கட்டவே போகாதவரும் முதல் சில நாட்கள் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இரண்டு பேரிடமிருந்தும் பதில் வராது. தாமதத்துக்கான காரணங்களோ பெரும்பாலும் சாதாரணமானவை. அதே விற்பவரின் இன்னொரு பொருளையும் எடுத்துச் சேர்த்து அனுப்பச் சொல்லலாம் என்று காத்திருப்பார். வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்று வங்கி அட்டையைத் தடுத்திருக்கும். ஒரே பொருளுக்கு இரண்டு ஏலங்களில் கேட்டு, இரண்டிலும் ஜெயித்துவிட்டு விழிப்பார். பல நேரம் தவறு விற்பவருடையதே: அனுப்பும் செலவை 'பிறகு சொல்கிறேன்' என்று விட்டிருப்பார், எடுத்தவர் மொத்தத் தொகை தெரியாமல் உட்கார்ந்திருப்பார். இப்படிப்பட்டவரையும் ஏமாற்றுக்காரரையும் ஒரே தராசில் நிறுத்தாத ஏற்பாடு எது என்பதுதான் இங்கே கேள்வி.

கெடு வைத்து ரத்து செய்வது

பரவலாக இருப்பது இது. ஈபே என்ற பெரிய ஏலத் தளத்தில் எடுத்தவருக்கு 4 நாள் கெடு. வார நாள் கணக்கு இல்லை, காலண்டர் நாள் கணக்கு. ஐந்தாம் நாளிலிருந்து விற்பவர் 'பணம் கட்டவில்லை' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து ஆர்டரை ரத்து செய்யலாம். தானாகவே ரத்தாகும்படி முன்கூட்டியே அமைத்தும் வைக்கலாம். முன்பு இருந்த முறையில் முதலில் ஒரு புகார் திறக்க வேண்டும், அதற்குப் பிறகு இன்னும் 4 நாள் காத்திருந்து அதை மூட வேண்டும். இன்றைய முறை சுருக்கமானது, அந்த அளவில் விற்பவருக்கு நிம்மதி.

கோளாறு வருவது ரத்து செய்யும் திரையில். 'வாங்குபவர் ரத்து செய்யச் சொன்னார்' என்ற காரணத்தைத் தட்டிவிட்டால், கட்டாதவர் கணக்கில் எந்தக் குறியும் விழாது. அவர் அடுத்த விற்பவரிடம் சுத்தமான கணக்கோடு போய் நிற்பார். 'பொருள் கைவசம் இல்லை' என்று தட்டினால் இன்னும் மோசம், குற்றம் விற்பவர் கணக்கில் ஏறும். பொறுமை இழந்து மூன்றாம் நாளே பொருளை மறுபடி பட்டியலில் போடுவது இன்னொரு தவறு. நான்காம் நாள் இரவு முதல் ஆள் பணம் கட்டிவிட்டால் ஒரு பொருளுக்கு இரண்டு பேர். இப்போது வாக்குத் தவறியவர் விற்பவர்.

'24 மணி நேரத்துக்குள் கட்ட வேண்டும்' என்று விவரப் பகுதியில் தடித்த எழுத்தில் போடும் விற்பவர்கள் இருக்கிறார்கள். தளம் 4 நாள் தரும்போது அந்த வரிக்குப் பலம் கிடையாது, நல்ல வாங்குபவர்களை விரட்டுவதுதான் மிச்சம். அதைவிட ஏலம் முடியும் நேரத்தைப் பார்த்து வைப்பது பலன் தரும். வியாழன் இரவு முடிந்தால் கெடுவில் பாதி வார இறுதியில் போய்விடும். வங்கி மாற்றம் நாள் கணக்கில் எடுக்கும் இடங்களில் வெள்ளி மாலை அனுப்பிய பணம் திங்கள் அல்லது செவ்வாய்தான் வந்து சேரும். ஞாயிறு இரவு முடியும்படி வைத்தால் நான்கு நாளும் வங்கி நாட்கள்.

நினைவூட்டல் கடிதமும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான். முடிந்த அன்றே மொத்தத் தொகையோடு இன்வாய்ஸ், இரண்டாம் நாள் ஒரு வரி, அவ்வளவு போதும். அந்த ஒரு வரி இப்படி இருக்கலாம்: "அனுப்பும் செலவு உட்பட மொத்தத் தொகை இன்வாய்ஸில் இருக்கிறது. 14ஆம் தேதி இரவுக்குள் கட்டினால் 15ஆம் தேதி பார்சல் கிளம்பிவிடும். வேறு பொருளோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்றாலோ, எடுக்க முடியாத நிலை என்றாலோ எழுதுங்கள், அதற்கேற்பச் செய்கிறேன்." இதில் தேதி இருக்கிறது, வெளியேற ஒரு வாசலும் இருக்கிறது. மிரட்டல் கடிதத்துக்கு வாய் திறக்காதவர்கள் இதற்குப் பதில் எழுதுவார்கள்.

கேட்பதற்கு முன்பே அட்டை

ஏலத்தில் கலந்துகொள்ளும் முன் அட்டையையோ வேறு கட்டண வழியையோ பதிந்துவிட வேண்டும். ஜெயித்ததும் தொகை தானாகப் பிடிக்கப்படும். நிலையான விலைக்கு விற்கும்போது 'உடனே கட்டினால்தான் பொருள் உங்களுடையது' என்று வைப்பது சுலபம். ஏலத்தில் கடைசி நொடி வரை விலை தெரியாது, அதனால்தான் இந்த முன்பதிவு. தாமதத்தை வேரோடு பிடுங்குவது என்று பார்த்தால் ஐந்தில் இதற்கு ஈடு இல்லை. கடைசி நொடி வேகத்தில் ஒரு தொகையைப் போட்டுவிட்டு விடிந்ததும் மனம் மாறுபவருக்கு இங்கே இடமில்லை.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன? அனுப்பும் செலவு ஏலம் தொடங்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும். சேர்த்து அனுப்புவது சிக்கலாகிறது: இரண்டு பொருளுக்கும் தலா 10 என்று 20 பிடித்திருக்கும், ஒரே பெட்டியில் போட்டால் 12தான் ஆகும், மீதி 8ஐ விற்பவர் தேடித் திருப்பித் தர வேண்டும். நாணயம், தபால்தலை, புத்தகம் விற்பவர்களுக்கு இது தினப்படித் தலைவலி. தானாகப் பிடிக்கும்போது வங்கி ஓடிபி கேட்டால், அல்லது அட்டை காலாவதி ஆகியிருந்தால், பணம் வராது; மறுபடியும் கெடு முறைக்கே திரும்ப வேண்டியிருக்கும். ஒவ்வொரு ஏலத்துக்கும் கேட்ட தொகையை முன்கூட்டியே முடக்கி வைக்கும் தளமாக இருந்தால், ஐந்து ஏலங்களில் கேட்பவருக்கு ஐந்திலும் பணம் மாட்டிக்கொள்ளும். ஆள் குறையும், ஆள் குறைந்தால் விலை ஏறாது. விற்பவர் பாதுகாப்பைத் தன் சொந்த விற்பனை விலையில்தான் வாங்குகிறார்.

முன்வைப்புத் தொகை

வாகனம், இயந்திரம், நிலம் போன்றவற்றில் டெபாசிட் கட்டினால்தான் கேட்கவே முடியும். தோற்றவருக்குத் திரும்பிவிடும், ஜெயித்துக் கட்டாதவருக்குப் பறிபோகும். இதில் முக்கியம் அளவு. விலை 1000, டெபாசிட் 5 சதவீதம், அதாவது 50 என்று வைத்துக்கொள்வோம். அதே பொருள் இன்னோர் இடத்தில் 900க்குக் கிடைத்தால், 50ஐ விட்டுவிட்டு 100ஐ மிச்சம் பிடிப்பார். நிகர லாபம் 50. டெபாசிட் 150ஆக இருந்தால் விலகுவதில் அவருக்கு 50 நஷ்டம், எனவே கட்டிவிடுவார். ஆக, அந்தப் பொருளின் விலை ஓர் இடத்துக்கும் மற்றோர் இடத்துக்கும் எவ்வளவு மாறுபடும் என்று பார்த்து, அதற்கு மேலே டெபாசிட்டை வைக்க வேண்டும். வழக்கமான சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவதில் அர்த்தமில்லை.

பறித்த தொகை யாருக்குப் போகிறது என்பதை விதிகளில் தேடிப் படியுங்கள். தளமே வைத்துக்கொண்டால், பொருளை மறுபடி ஏலம் விடும் செலவையும் குறைந்த விலையையும் சுமக்கும் விற்பவருக்கு அதில் எந்த ஆறுதலும் இல்லை. சின்னப் பொருட்களுக்கு இந்த முறை வேண்டாம்; சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

எஸ்க்ரோ

மூன்றாமவர் பணத்தைப் பிடித்து வைப்பது. எடுத்தவர் அவரிடம் கட்டுகிறார். பணம் வந்தது என்று அவர் சொன்ன பிறகு விற்பவர் டிராக்கிங் எண்ணோடு அனுப்புகிறார். பொருளைப் பார்த்துச் சரி சொல்ல எடுத்தவருக்குச் சில நாட்கள். அதன் பிறகு பணம் விடுவிக்கப்படுகிறது. 'கட்டிவிட்டேன், பொருள் வரவில்லை' என்ற பயத்துக்கு நல்ல மருந்து.

தாமதத்துக்கு மருந்து இல்லை. முதல் படியிலேயே எடுத்தவர் எத்தனை நாள் வேண்டுமானாலும் இழுக்கலாம், அதற்குத் தனியாகக் கெடு வேண்டும். சேவைக் கட்டணத்தை யார் ஏற்பது என்பதையும் ஏலம் தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே இன்னொரு தாமதத்துக்குக் காரணமாகும். எதிர்த்தரப்பு அனுப்பும் இணைப்பைத் தட்டி எஸ்க்ரோ தளத்துக்குப் போகக் கூடாது. போலி எஸ்க்ரோ தளம் பழைய மோசடி. முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

மதிப்பெண்

ஈபே 1995இல் தொடங்கியது. ஒருவருக்கொருவர் பின்னூட்டம் எழுதும் முறை 1996இலேயே வந்துவிட்டது. இரண்டு பக்கமும் எழுதலாம் என்பது பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. விற்பவர் தன் பின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார். பொருள் சரியில்லை என்று வாங்கியவர் எழுதினால், ஒழுங்காகப் பணம் கட்டியிருந்தாலும் அவருக்கும் ஒரு கெட்ட குறி பதிலடியாக விழும். அதற்குப் பயந்து பலர் வாய் மூடிக்கொண்டார்கள். 2008 மே மாதம் முதல் விற்பவர்கள் வாங்குபவருக்கு எதிர்மறைப் பின்னூட்டம் எழுத முடியாது என்று ஈபே மாற்றியது. விற்பவர்கள் கொதித்தார்கள். தாமதமாகக் கட்டுபவரைப் பற்றிப் பிறரை எச்சரிக்கும் வழி போய்விட்டது என்பதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது.

ஜப்பானின் யாஹூ ஏலத்தில் வேறு மாதிரி: ஜெயித்தவரின் காரணத்தால் அவரை நீக்கினால், மிக மோசம் என்ற மதிப்பெண் அவர் கணக்கில் தானாகவே விழும். விற்பவர் கோபத்தில் எழுதும் வேலை இல்லை, ஆனால் அந்தப் பொத்தானை அழுத்துவதா வேண்டாமா என்பது அவர் கையில். தங்குமிடத் தளமான ஏர்பிஎன்பி 2014இல் கொண்டுவந்த வழி இன்னொன்று: இரு தரப்பும் எழுதி முடிக்கும் வரை, அல்லது 14 நாள் கெடு முடியும் வரை, எதுவும் வெளியே தெரியாது. பதிலடிக்கு இடமே இல்லை. ஏலத்துக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து.

கட்டாதவர்களைத் தடுக்க மதிப்பெண்ணைவிட வடிகட்டி மேல். கட்டாமல் ரத்தான ஆர்டர்களைத் தளம் எண்ணி வைக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்குள் இத்தனைக்கு மேல் இருந்தால் என் ஏலத்தில் கேட்கக் கூடாது என்று விற்பவர் அமைத்துக்கொள்ளலாம். ஒருமுறை வங்கிக் கோளாறில் தவறியவர் இதில் அடிபட மாட்டார், வழக்கமாகச் செய்பவர் மாட்டுவார். புதுக் கணக்கு திறந்து வருபவரைத்தான் இது பிடிக்காது. அவருக்கு அட்டைப் பதிவுதான் வழி.

ரத்தான பிறகு: இரண்டாமவருக்கா, மறு ஏலமா?

தளங்கள் தாராளமாகத் தரும் வசதி, தோற்றவருக்கு 'இரண்டாம் வாய்ப்பு' அனுப்புவது, அதாவது அவர் கேட்ட தொகைக்கே பொருளைத் தர முன்வருவது. வேகமானது, மறுபடி பட்டியல் போடும் செலவு இல்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கேட்பவர் தன் உச்சத் தொகையைச் சொல்லிவைப்பார்; தளம் அடுத்தவரை முந்தத் தேவையான அளவுக்குத்தான் விலையை ஏற்றும். ஒருவரின் உச்சத் தொகை 100, இரண்டாமவருடையது 150, மூன்றாமவர் 400 என்று போட்டார். ஒவ்வொரு முறையும் விலை ஐந்து ஐந்தாக ஏறும் என்றால் மூன்றாமவர் 155க்கு ஜெயிப்பார். அவர் கட்டவில்லை. இரண்டாமவருக்கு வாய்ப்பு போகிறது, அவர் கேட்ட 150க்கு. மூன்றாமவர் வராமலே இருந்திருந்தால் இரண்டாமவர் 105க்கு எடுத்திருப்பார். யாரோ ஒருவர் வாக்குத் தவறியதற்கு, எந்தத் தப்பும் செய்யாத இவர் 45 கூடுதலாகக் கட்டச் சொல்லப்படுகிறார்.

விற்பவரே ஒரு கூட்டாளியை வைத்து விலையை ஏற்றி, ஜெயிக்கவிட்டு, கட்டாமல் ரத்து செய்து, இரண்டாமவரின் உச்சத் தொகையைக் கறக்கும் வழியும் இதுதான். இரண்டாம் வாய்ப்பு வந்தால் ஏலப் பதிவைத் திறந்து, ஜெயித்தவர் நுழைவதற்கு முன் விலை எவ்வளவில் நின்றது என்று பாருங்கள். 150க்கு மறுத்துவிட்டு மறு ஏலத்தில் கேட்பது பெரும்பாலும் மலிவு. நேர்மையான விற்பவருக்கும் வழி இருக்கிறது: கட்டாதவரைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டுத் தளத்துக்குள்ளேயே பொருளை 105க்கு நிலையான விலையில், உடனே கட்டும் நிபந்தனையோடு பட்டியலிட்டு, இரண்டாமவருக்குச் செய்தி அனுப்பலாம். அவருக்கு முன்னால் வேறொருவர் அதை எடுத்துவிடும் வாய்ப்பு உண்டு, அதையும் அந்தச் செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.