ஜார்ஜா, சியார்ச்சா: வேற்றுமொழிப் பெயருக்கு எந்த எழுத்து?

வேற்றுமொழிச் சொல் ஒன்று தமிழ் வரிக்குள் நுழையும்போது எழுதுகிறவருக்கு மூன்று வழிகள் உண்டு. வடமொழி ஒலிகளுக்கான ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்தைச் சேர்த்து ஒலியைக் காட்டலாம்: ஸ்பெயின், ஜார்ஜ். தமிழ் எழுத்துக்குள்ளேயே அடக்கலாம்: எசுப்பானியா, சியார்ச்சு. பஸ்ஸைப் பேருந்து ஆக்கியது போலப் பொருளைப் பெயர்க்கலாம். முதலிரண்டு கட்சிக்கும் ஓயாத வழக்கு. ஒலி சிதையக்கூடாது என்பது ஒரு தரப்பு, மொழி சிதையக்கூடாது என்பது மறுதரப்பு. இரண்டு கவலையும் நியாயமானவை. ஆனால் எழுத்தெழுத்தாக எடுத்துப் பார்த்தால், உண்மையில் தகராறுக்குரிய இடம் சிறியது: பெரும்பாலும் சொல்லின் முதலெழுத்தும் கடைசி எழுத்தும்தான்.

சகரத்தைப் பாருங்கள். பாசம், பச்சை, பஞ்சு. எழுத்து ஒன்று, ஒலி மூன்று. படிக்கிற யாரும் தடுமாறுவதில்லை. தனித்து வந்தால் ஓர் ஒலி, இரட்டித்தால் வேறு, ஞகர மெய்க்குப் பின் வந்தால் வேறு என்பது நாக்குக்குப் பழகிப்போனது. ஆகவே ‘எஞ்சின்’ என்று எழுதினாலே போதும். ‘எஞ்ஜின்’ என்பதில் வரும் ஜகரம் புதிதாக எதையும் சொல்லவில்லை. மகாத்மா, மகாராணி ஆகியவற்றில் ககரமே ஹகரத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. இங்கெல்லாம் தமிழெழுத்துக் கட்சிக்கே என் வாக்கு.

சொல்லின் முகப்புக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. ஜான், ஷான், சான் என்று மூன்று பேர் ஒரே செய்தியில் வந்தால், தமிழெழுத்து முறையில் மூவரும் ‘சான்’ ஆகிவிடுவார்கள். யார் எவர் என்று வாசகருக்குப் பிடிபடாது. கடைசியிலும் இதே சிக்கல்தான். ‘சியார்ச்சு’ என்பதில் சகரம் இரட்டித்து நிற்பதால் ‘பேச்சு’ போலத்தான் வாயில் வரும். ஜகரத்தின் மென்மை அதில் இல்லை. பஸ்ஸை இப்படி மாற்றப்போனால் ‘பசு’தான் கிடைக்கும். பேருந்து என்ற சொல் வேரூன்றியதில் வியப்பில்லை.

அதற்காகக் கிரந்தம் ஒலியை முழுதாகக் காட்டிவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. இந்தோனேசியத் தீவும் பாலி, பௌத்த நூல்களின் மொழியும் பாலி. முதலாவதில் பகரம் அதிர்ந்து ஒலிக்க வேண்டும், இரண்டாவதில் அதிராமல். ஜ, ஷ, ஸ, ஹ நான்கும் கையில் இருந்தும் இங்கே உதவாது. க, ட, த, ப முதலில் வரும் எல்லாப் பெயருக்கும் இதே கதிதான். இப்படிப்பட்ட இடத்தில் எழுத்தைத் திருகிப் பயனில்லை. ‘பாலித் தீவு’, ‘பாலி மொழி’ என்று ஒரு சொல்லைக் கூட்டிவிடுவதே வழி.

பழைய முறையில் ஓர் அழகு உண்டு. வடசொல் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு வர வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. அதன்படி லக்ஷ்மணன் இலக்குவனானான், விபீஷணன் வீடணனானான். ஷகரம் டகரமான இந்தப் போக்கில்தான் விஷயம் ‘விடயம்’ ஆயிற்று. ஈழத்தமிழில் அது இன்றும் அன்றாடச் சொல். அதே ஈழத்தில் ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்க்கும் மரபும் தனி. தமிழ்நாட்டின் டாக்டர், லாரி, போலீஸ் அங்கே டொக்டர், லொறி, பொலிஸ். டொரண்டோ என்று இங்கே எழுதும் ஊர் அங்கே ரொறன்ரோ. எது சரி என்று கேட்பது வீண். யாருக்காக எழுதுகிறோமோ அவர்கள் வழக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

ர, ல முதலில் வரும் சொல்லுக்குத் துணையுயிர் சேர்ப்பதிலும் முறை இருக்கிறது: லாபம் ‘இலாபம்’, லோகம் ‘உலோகம்’, ரோமம் ‘உரோமம்’, ரங்கன் ‘அரங்கன்’. உருசியா, இலண்டன் எல்லாம் இந்த வழியில் வந்தவையே. வாசிப்புக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் அகரவரிசையில் ராமனும் இராமனும் வெகுதூரம் பிரிந்துவிடுவார்கள். பெயர்ப்பட்டியல் தயாரிப்பவர் முதலிலேயே ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

ஆய்தம் சேர்த்த ‘ஃப’ பற்றியும் ஒரு சொல். அஃது, எஃகு ஆகியவற்றில் குற்றெழுத்துக்கும் வல்லெழுத்துக்கும் நடுவில் நிற்பதே ஆய்தத்தின் இயல்பு. சொல்லுக்கு முன்னால் நிறுத்துவது பிற்காலப் புதுமை. பிரான்ஸ், பேஸ்புக் இரண்டும் ஆய்தமில்லாமலே புரிகின்றன. ‘ஃபேன்’ மட்டும் ஆய்தத்தை இழந்தால் தலையில் ஊரும் பேனாகிவிடும். வேறொரு தமிழ்ச்சொல்லோடு மோதும் இடத்தில் மட்டும் ஆய்தம் போடுங்கள், அல்லது மின்விசிறி என்றே எழுதிவிடுங்கள். அகராதியில் ஆய்தத்தின் இடம் ஔகாரத்துக்கும் ககரத்துக்கும் நடுவில் என்பதால், ‘ஃபேன்’ பகர வரிசையில் அகப்படாது.

கணினியில் எழுதுவோர் கவனிக்க வேண்டியது இன்னும் உண்டு. அகராதி மரபில் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் னகரத்துக்குப் பின்னால் வரும். கணினிக்காக எழுத்துக்கோர் எண் தரும் யூனிகோடு முறையின் குறியெண் வரிசையிலோ ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையில் நிற்கிறது. னகரம் நகரத்தை அடுத்து வந்துவிடுகிறது. எண் வரிசைப்படி மட்டும் அடுக்கும் மென்பொருளிடம் பட்டியலைக் கொடுத்தால் ஜமுனா ஞானத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். தமிழ் வரிசை தெரிந்த மென்பொருளைப் பயன்படுத்துங்கள், அல்லது முடிவைக் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள்.

‘ஸ்ரீ’ இதைவிடப் பொல்லாதது. ஸகரத்தை வைத்தும் அதைத் தட்டலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் தட்டலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே வடிவம். தேடும்போது ஒன்று மற்றொன்றைக் கண்டுபிடிக்காது. ஸ்ரீதர் என்ற பெயர் பட்டியலில் கண்ணெதிரே இருந்தும் தேடலில் வரவில்லையென்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அந்த ஓரெழுத்தை நகலெடுத்துத் தேடுபெட்டியில் ஒட்டிப் பாருங்கள். இப்போது கிடைத்தால் குற்றவாளி அதுதான். கோப்பு முழுவதும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வாழ்கிற மனிதரின் பெயர் என்றால் மட்டும் மேலே சொன்ன விதி எதையும் நுழைக்க வேண்டாம். ரமேஷ் என்று கையெழுத்திடுகிறவரை ரமேசு ஆக்கவும் நமக்கு உரிமையில்லை, ராசேந்திரன் என்று எழுதிக்கொள்கிறவரை ராஜேந்திரன் ஆக்கவும் இல்லை.