அம்மாவிடம் கேட்கப்பட்ட கேள்விகள்: கொழும்பில் ஓர் உளமருத்துவ சேவை பற்றி

கடந்த மாசி மாதம் என் தாயாரை வெள்ளவத்தையில் காலி வீதிக்கு அண்மையிலுள்ள ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்கு, கிழமையில் ஒருநாள் அங்கு வரும் உளமருத்துவ நிபுணரிடம் அழைத்துச் சென்றேன். அங்கு போய்வருவோரில் எமது அயலவர்களும் இருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். ஆயினும் அந்த முதல் நேர்காணல் நடந்த விதத்தை எழுதியே ஆகவேண்டும். ஏனெனில் அதற்கு ஆறு கிழமைகளுக்கு முன் வேறோர் இடத்தில் நாம் கண்டது முற்றிலும் வேறு.

அங்கே வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. கேள்விகள் என்னிடம் வந்தன; நான் சிங்களத்தில் விடை சொன்னேன்; அம்மா கைப்பையைப் பிடித்தபடி நடுவில் உட்கார்ந்திருந்தார். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, எத்தனை நாளாக என்பதோடு ஏழெட்டு நிமிடங்களில் மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிட்டது. மகள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கையில் தாய் எதைத்தான் மனம் விட்டுச் சொல்வார்? அந்த அறையில் நானே தடையாக இருந்திருக்கிறேன்.

வெள்ளவத்தையில் வைத்தியர் கதவருகே வந்து எம்மை அழைத்துச் சென்றார். தன் பெயரையும், ஏறத்தாழ எவ்வளவு நேரம் கதைக்கப் போகிறோம் என்பதையும், அம்மா சொல்வதை அவரது விருப்பமின்றி என்னிடம் சொல்லப் போவதில்லை, உயிருக்கு ஆபத்து என்று கருதினால் மட்டுமே அது மாறும் என்பதையும் முதலிலேயே தெளிவாகச் சொன்னார். சிறிது நேரம் என்னையும் வைத்துக்கொண்டு கதைத்துவிட்டு, "பிள்ளை கொஞ்சம் வெளியில இருங்கோ, நானும் அம்மாவும் கதைக்கிறம்" என்றார்.

நான் இருந்தபோதே கவனித்த ஒன்று. "ஒரே யோசினை டொக்டர்" என்றார் அம்மா. எமது வீடுகளில் கவலை, பயம், துக்கம் எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். அதற்கு உடனே ஒரு நோயின் பெயரை வைத்துவிடாமல், "யோசினை எண்டா என்ன மாதிரி அம்மா? எந்த நேரத்தில கூட வருது?" என்று கேட்டார். விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுவதையும், வீரகேசரிப் பத்திரிகையை எடுக்க அப்பா கேற்றைத் திறக்கும் சத்தத்துக்காக இன்னமும் காது கொடுத்துக் கிடப்பதையும் அம்மா அப்போதுதான் சொன்னார். அப்பா இறந்து பதினொரு மாதங்கள். அம்மா அழத் தொடங்கியதும் வைத்தியர் பேனையைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். எடை குறைந்ததா, மறதி உண்டா, யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா என்ற குறிப்பான வினாக்கள் அதன் பின்னரே வந்தன. சோர்வுக்குத் தைரொயிட் குறைபாடும் காரணமாகலாம் என்று இரத்தப் பரிசோதனையும் எழுதினார்.

மிச்சத்தை அம்மா முச்சக்கரவண்டியில் சொன்னார். "சாகவேணும் போல இருக்கோ எண்டு கேட்டவ, பிள்ளை. இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கேல்லை." இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை மனதில் விதைத்துவிடுவோம் என்று நானும் பயந்திருந்தேன். ஆய்வுகள் அந்தப் பயத்தை ஆதரிக்கவில்லை. கேட்கப்படுவதே பலருக்கு ஆறுதலாகிறது. வாழ்க்கை வெறுத்துப்போகிறதா என்று தொடங்கி, எப்படி என்று யோசித்ததுண்டா என்பது வரை வைத்தியர் படிப்படியாகத்தான் போயிருக்கிறார். பின்னர் அம்மாவின் சம்மதத்துடன் என்னை உள்ளே அழைத்து, வீட்டில் மாத்திரைகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டு, 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் எழுதித் தந்தார். அப்பாவின் மிஞ்சிய மாத்திரைகளை அன்றிரவே அலுமாரியிலிருந்து எடுத்துவிட்டேன்.

இந்த வைத்தியர் எழுதித் தந்த மருந்தின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமைகள் ஆகலாம் என்றும், முதல் சில நாட்கள் குமட்டல் வரலாம் என்றும் அவர் சொல்லியிருந்ததால், குமட்டல் வந்தபோது அம்மா மருந்தை நிறுத்தவில்லை.

குறை வரவேற்பு மேசையில்தான். "மனநல டொக்டருக்கு வந்தவை ஆர்?" என்று நிறைந்த கூடத்தில் உரத்துக் கேட்டார்கள்; அம்மா எழும்பவே தயங்கினார். வரிசை இலக்கத்தை மட்டும் கூப்பிட்டால் போதும் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். குறித்த நேரத்துக்கு மேல் ஒன்றரை மணித்தியாலம் காத்திருக்கவும் நேர்ந்தது. முதல் தடவை செல்வோர் பதிவு செய்யும்போதே இது முதல் தடவை என்பதைச் சொல்லிவிடுங்கள். கடைசி இலக்கங்களில் ஒன்றைத் தருகிறார்கள், அந்நேரத்தில் கூடத்திலும் ஆட்கள் குறைவு.