விளக்கு முதலில், பெயிண்ட் அப்புறம்: டைட்டானிக் மாடலை வைத்து ஓர் ஒப்பீடு

பள்ளி நாட்களில் பிளாஸ்டிக் கிட் ஒட்டிப் பழகியவர்கள் பல வருஷம் கழித்து மறுபடி இதில் இறங்கும்போது கடைப் பட்டியலைப் பார்த்தே திணறிப் போகிறார்கள். அன்றைக்குப் பெயிண்ட் என்றால் சின்ன எனாமல் டப்பா, அவ்வளவுதான். இன்றைக்கு லேக்கர், அக்ரிலிக், எனாமல் என்று மூன்று குடும்பம், ஒவ்வொன்றிலும் நாலைந்து கம்பெனி. விளக்கு வைப்பது அன்றைக்குக் கைதேர்ந்தவர்கள் வேலை. இன்றைக்கு அரிசிமணியைவிடச் சின்ன எல்இடியை வயரோடு சேர்த்தே விற்கிறார்கள்.

திரும்பி வருகிறவர்களில் பலர் முதலில் பெயிண்டை வாங்கிக் குவித்துவிட்டு, பாதி ஒட்டியபிறகு "இதில் விளக்கும் வைத்தால் என்ன?" என்று யோசிக்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப்போட வேண்டும் என்பது என் கட்சி. உள்ளே விளக்கு எரியப்போகிறது என்றால், பெயிண்ட் நிறத்தைக் காட்டினால் மட்டும் போதாது, வெளிச்சத்தையும் அடைக்க வேண்டும். அதனால் எந்த விளக்கு என்று முடிவு செய்துவிட்டால் எந்தப் பெயிண்ட் என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

உதாரணத்துக்கு டைட்டானிக்கையே எடுத்துக்கொள்கிறேன். பல அளவுகளில் சுலபமாகக் கிடைக்கிற கிட். தவிர, விளக்குக்குப் பொருத்தமான கப்பலும் இதுதான். 400 கிலோவாட் ஜெனரேட்டர்கள் நான்கு, 100 வோல்ட் நேர்மின்சாரம், சுமார் 10,000 பல்புகள் அதில் இருந்தன. 1912 ஏப்ரல் 15 அதிகாலை 2.20-க்கு அது மூழ்கியது. அதற்கு ஓரிரு நிமிடம் முன்புவரை விளக்குகள் எரிந்தன.

எந்த அளவு?

நிஜக் கப்பலின் நீளம் 269 மீட்டர். 1/700 அளவில் அது 38 சென்டிமீட்டர், 1/400-ல் 67, 1/200-ல் நாலடி நீள மேசையில்கூட நிற்காத 1.35 மீட்டர்.

அகாடமி கம்பெனியின் 1/700 கிட் ஒன்று எல்இடி செட்டோடு வருகிறது. பாகங்களும் அந்தந்த நிறத்திலேயே வார்க்கப்பட்டிருப்பதால் பெயிண்ட் அடிக்காமலே ஒட்டி நிறுத்தலாம். கை பழகுவதற்கு நல்ல தொடக்கம். ஆனால் விளக்கு எங்கே, என்ன நிறம் என்பதையெல்லாம் கம்பெனியே முடிவு செய்துவிட்டது. நம் கைவரிசைக்கு இடம் குறைவு. டிரம்பெட்டரின் 1/200 கிட்டிலும் எல்இடி உண்டு. பிரமாதமான மாடல்தான், ஆனால் அதை வைக்க வீட்டில் ஒரு சுவரையே ஒதுக்க வேண்டும். பல வருஷ இடைவெளிக்குப் பிறகு முதல் கிட்டாக அதை எடுப்பவர்கள் துணிச்சல்காரர்கள். அதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

என் ஓட்டு 1/400-க்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நிஜத்தில் 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டச் சன்னல் 1/400-ல் சரியாக 1 மில்லிமீட்டர். அதைக் கை டிரில்லால் நிம்மதியாகத் துளைக்கலாம். அதே சன்னல் 1/700-ல் அரை மில்லிமீட்டர் சொச்சம். பிட் உடைந்துகொண்டே இருக்கும். 28 மீட்டர் அகலக் கப்பல் 1/400-ல் 7 சென்டிமீட்டர் வருவதால், உள்ளே வயர் ஓட்டவும் விரல் நுழையவும் இடம் இருக்கும்.

ஸ்ட்ரிப்பா, தனி எல்இடியா, ஃபைபரா?

வழி மூன்று.

முதலாவது, அலங்கார விளக்குக் கடையில் மீட்டர் கணக்கில் விற்கிற 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப். மூன்று மூன்று எல்இடியாக வெட்டிக்கொள்ளலாம். ரெசிஸ்டர் அதிலேயே இருப்பதால் கணக்கு வேண்டாம், சால்டரிங்கும் இரண்டே முனைதான். 12 வோல்ட்டில் எரித்தால் கண் கூசும். 9 வோல்ட் கொடுங்கள், அடங்கிய வெளிச்சம் வரும். ஸ்ட்ரிப்பைச் சன்னல்களுக்கு நேரே திருப்பி ஒட்டினால் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஹல்லின், அதாவது கப்பலின் உடற்பகுதியின், அடியில் ஒட்டி மேல்நோக்கித் திருப்பி, எதிர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கவிட்டால் எல்லாச் சன்னலுக்கும் ஒரே அளவாகப் பரவும்.

இரண்டாவது, வயர் பற்றவைத்தே வரும் குட்டி எஸ்எம்டி எல்இடிகள். 0402 என்ற அளவு 1 மி.மீ. நீளம், அரை மி.மீ. அகலம். 0805 என்பது 2 மி.மீ. நீளம், கையாளச் சுலபம். எங்கே வேண்டுமோ அங்கே வைக்கலாம்: கேப்டன் நின்று கப்பலை நடத்தும் பிரிட்ஜில் மங்கலாக, முதல் வகுப்பு உலாவும் தளத்தில் பிரகாசமாக. ரெசிஸ்டர் கணக்கைப் பார்த்துப் பலர் ஒதுங்குகிறார்கள். அதில் பயப்பட எதுவுமில்லை. வெள்ளை எல்இடி ஏறக்குறைய 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். யுஎஸ்பி 5 வோல்ட் தருகிறது. மீதி 2 வோல்ட். 1000 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 2 மில்லியாம்பியர் ஓடும். பெரிய எல்இடிகளுக்குச் சொல்லும் 20 மில்லியாம்பியர் கணக்கெல்லாம் இங்கே வேண்டாம், இந்த அளவு மாடலுக்கு 2 முதல் 4 போதும். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் போட்டு எல்லாவற்றையும் பேரலலாக இணையுங்கள். ஒன்று போனாலும் மற்றவை எரியும்.

மூன்றாவது ஃபைபர் ஆப்டிக். கால் மில்லிமீட்டர் தடிமனிலேயே பிளாஸ்டிக் இழை கிடைக்கிறது. ஒரே எல்இடிக்கு முன்னால் பல இழைகளைக் கட்டாக வைத்தால் ஒவ்வொரு நுனியும் ஒரு விளக்கு. இதில் பெயிண்ட் வேலைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. இழையை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகிவிட்டு, பெயிண்டை அதன் மேலேயே அடித்து, காய்ந்தபின் ஒட்ட வெட்டிவிடலாம். துளைகளை மாஸ்க் செய்யும், அதாவது பெயிண்ட் படாமல் மறைக்கும், தொல்லை கிடையாது. ஆனால் வளைத்தால் முறியும், சூப்பர் க்ளூ பட்டால் நொறுங்கும். வெள்ளைப் பசையோ எபாக்சியோதான் நல்லது. முக்கியமான குறை வேறு: இழையின் நுனி நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளியாகத் தெரியுமே தவிர, உள்ளே ஆள் புழங்கும் அறை இருப்பது போன்ற தோற்றம் வராது. விண்கல மாடலுக்கு அது சரி. பயணிகள் கப்பலின் சன்னலுக்கு அது பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆக, ஹல்லுக்கு ஸ்ட்ரிப், மேல்தளங்களுக்கு எஸ்எம்டி, முன் பாய்மரத்தின் உச்சி விளக்குக்கு மட்டும் ஒரே ஒரு ஃபைபர். ஒன்றைத்தான் கற்றுக்கொள்வேன் என்பவர்கள் எஸ்எம்டியைக் கற்றுக்கொள்ளட்டும், அடுத்த மாடலுக்கும் உதவும்.

எதை வாங்கினாலும் 3000 கெல்வின் அல்லது அதற்குக் கீழே, வார்ம் ஒயிட் மட்டும். அந்தக் காலத்து இழை பல்பு மஞ்சளாகத்தான் எரியும். நீலம் கலந்த குளிர் வெள்ளையைப் போட்டால் 1912-ஆம் வருஷக் கப்பல் மொபைல் கடை ஆகிவிடும். ஏற்கெனவே குளிர் வெள்ளை வாங்கிவிட்டீர்களா, சரி, எல்இடியின் மேல் தாமியா கம்பெனியின் எக்ஸ்-26 கிளியர் ஆரஞ்சு பெயிண்ட் ஒரு பூச்சு கொடுங்கள், சமாளிக்கலாம். கப்பலின் இடப்பக்கச் சிவப்பு விளக்குக்கு எக்ஸ்-27, வலப்பக்கப் பச்சைக்கு எக்ஸ்-25.

வெளிச்சத்தை அடைப்பது

டைட்டானிக்கின் ஹல் கறுப்பு, அதனால் அங்கே பிரச்சினை குறைவு. தலைவலி மேலே இருக்கிற வெள்ளைத் தளங்கள். மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக்குக்குப் பின்னால் எல்இடி வைத்தால் சன்னலோடு சேர்ந்து சுவரும் ஒளிரும். வெளிப்பக்கம் கறுப்பு அடித்து மேலே வெள்ளை அடிக்கலாமே என்று தோன்றும். ஆனால் மறைப்புத்திறன் குறைந்த நிறங்களில் வெள்ளையும் ஒன்று. கறுப்பு, அதன்மேல் சாம்பல், அதன்மேல் வெள்ளை இரண்டு மூன்று தடவை என்று போய், சன்னல் விளிம்புகளும் நுண்ணிய கோடுகளும் பெயிண்டில் மூழ்கிவிடும்.

இதைவிட நல்லது உள்பக்கமாக அடைப்பது. ஒட்டுவதற்கு முன்பே சுவரின் உள்புறம் கறுப்பு, அதன்மேல் வெள்ளை அல்லது வெள்ளி. கறுப்பு ஒளியை அடைக்கும், வெள்ளை அதை அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பும். வெளியே வழக்கம்போல மெல்லிய வெள்ளைப் பூச்சு போதும். உள்பக்கம் யார் கண்ணிலும் படாது என்பதால் ஹார்டுவேர் கடை கறுப்பு ஸ்ப்ரேவே போதும். ஒரே எச்சரிக்கை: சில ஸ்ப்ரேக்களின் கரைப்பான் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும், முதலில் பாகங்களை வெட்டியெடுத்தபின் மிஞ்சும் சட்டத்துண்டில் அடித்துப் பாருங்கள். தளமும் சுவரும் சேரும் இடுக்கில் ஒளி கசிகிறதா என்பதை இருட்டு அறையில் பார்த்து, கசிந்தால் கறுப்பு பெயிண்டாலோ அலுமினியத் தாளாலோ அடையுங்கள். எல்லாவற்றையும் ஒட்டி முடித்தபின் கசிவைப் பார்த்தால் அழத்தான் முடியும்.

எனாமல், அக்ரிலிக், லேக்கர்

பழைய நண்பர் எனாமல், ஹம்ப்ரோலின் 14 மில்லி டப்பா, இன்னும் கிடைக்கிறது. பிரஷ்ஷில் வழவழப்பாகப் பரவும். ஆனால் காய நேரம் எடுக்கும், அதுவரை தூசி ஒட்டும். முழுக் கப்பலுக்கும் அது வேண்டாம். கடைசியில் தளப் பலகை இடுக்குகளில் ஓடவிடும் வாஷுக்கு, அதாவது நீர்த்த பூச்சுக்கு, வைத்துக்கொள்ளுங்கள்.

அக்ரிலிக் என்று இரண்டு வேறு ஜாதிகளை ஒரே பெயரில் விற்கிறார்கள். ஸ்பெயின் நாட்டு வயெகோ தண்ணீரில் கரையும், வாசனை இல்லை, பிரஷ்ஷுக்கு அருமை. பிரைமர் இல்லாமல் அடித்தால் மாஸ்கிங் டேப்போடு தோல் தோலாக உரிந்து வரும். தாமியா அக்ரிலிக் ஆல்கஹால் அடிப்படை. எக்ஸ்-20ஏ தின்னர் கலந்து, பெயிண்டைக் காற்றில் தூவும் ஏர்பிரஷ்ஷில் விட்டால் தங்கம். பிரஷ்ஷில் இழுத்தால் முந்தின பூச்சையே கிளப்பிவிடும். ஒன்றைப் பழகியவர் அதே எதிர்பார்ப்போடு மற்றதைத் தொட்டால் ஏமாற்றம்தான்.

லேக்கர், அதாவது மிஸ்டர் கலர், தாமியாவின் எல்பி வரிசை, பிளாஸ்டிக்கில் கடித்துப் பிடிக்கும். பூச்சு மெல்லியது, சட்டென்று காயும், டேப் ஒட்டி எடுத்தாலும் அசையாது. டைட்டானிக்குக்கு அடிப்பாகம் சிவப்பு, மேலே கறுப்பு, அதற்கு மேல் வெள்ளை என்று நேர்க்கோட்டில் மாஸ்கிங் நிறைய உண்டு. அதனால் ஹல்லுக்கு லேக்கரைத்தான் சொல்வேன். விலையாகக் கொடுக்க வேண்டியது ஆரோக்கியம்: ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இல்லாமல், சன்னலைத் திறக்காமல் அடிக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கிற ஃபிளாட்டில் முடியாது என்றால் தாமியா அக்ரிலிக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குடி ஒன்றும் முழுகாது.

சென்னை மாதிரிக் கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் லேக்கர் அடித்தால் காயும்போது ஈரத்தை இழுத்துக்கொண்டு வெண்மையாகப் பூத்துவிடும். கறுப்பு ஹல்லில் அது பளிச்சென்று தெரியும். தின்னரில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சேர்த்தால் குறையும், மழை விட்டபின் அடிப்பது அதைவிட நல்லது. தீப்பிடிக்கும் பொருள் என்பதால் பெயிண்டை விமானத் தபாலில் அனுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து ஒரு பிராண்டை மனதில் நிறுத்திக்கொள்ளாமல், உள்நாட்டுக் கடையில் மறுபடி மறுபடி கிடைக்கிற வரிசையை எடுங்கள்.

நிறத்தில் ஒரு சின்ன விஷயம். தாமியா அக்ரிலிக் எண்களில் சொல்கிறேன், லேக்கர் எடுப்பவர்கள் அதே நிறத்தைப் பார்த்து எடுங்கள். ஹல்லுக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம், எக்ஸ்எஃப்-69 நேட்டோ பிளாக் இந்த அளவுக்கு நிஜமாகத் தெரியும். அடிப்பாகத்துக்கு எக்ஸ்எஃப்-9 ஹல் ரெட், தளப் பலகைக்கு எக்ஸ்எஃப்-78.

பிரஷ், கேன், ஏர்பிரஷ்

இதில் நீட்ட ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கிட்தான், அப்புறம் பார்க்கலாம் என்பவர்கள் தாமியா டிஎஸ் ஸ்ப்ரே கேன்களை வைத்தே ஹல்லை முடித்துவிடலாம், மீதி பிரஷ். தொடரப்போகிறீர்கள் என்றால் காற்றையும் பெயிண்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும், 0.3 மி.மீ. நாசில் உள்ள டியூயல் ஆக்‌ஷன் ஏர்பிரஷ். அதற்குக் காற்றுத்தொட்டியும் ஈரம் பிடிக்கும் வடிகட்டியும் உள்ள கம்ப்ரசர் வாங்குங்கள். பிராண்ட் ஏர்பிரஷ்ஷுக்குக் காசைக் கொட்டிவிட்டு மலிவு கம்ப்ரசர் வாங்குவதைவிட, நடுத்தர ஏர்பிரஷ், நல்ல கம்ப்ரசர் என்பது புத்திசாலித்தனம்.

எதில் எரிப்பது?

பொத்தான் பேட்டரி, 9 வோல்ட் பேட்டரி, யுஎஸ்பி மூன்றும் போட்டியில் உண்டு. 60 எல்இடிக்கு 3 மில்லியாம்பியர் வீதம் 180 ஆகிறது. சிஆர்2032 பொத்தான் பேட்டரி இதற்குத் தாங்காது. 9 வோல்ட் பேட்டரி இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எனவே யுஎஸ்பிதான். வயரைப் பித்தளைக் குழாய்க் கால்கள் வழியாக ஸ்டாண்டுக்குள் இறக்கி, பின்பக்கம் ஒரு சாக்கெட். ஸ்ட்ரிப்புக்கு மட்டும் 5-ஐ 9 ஆக்கும் சின்ன பூஸ்ட் போர்டு ஒன்றை ஸ்டாண்டுக்குள் வைத்தால் போதும். பவர் பேங்கில் இணைப்பவர்கள் கவனிக்க: எல்இடி குறைவாக இருந்தால் எதுவும் சார்ஜ் ஆகவில்லை என்று நினைத்துச் சில பவர் பேங்குகள் தாமே அணைந்துவிடும். பழைய மொபைல் சார்ஜர் ஒன்று அலமாரியில் கிடந்தால் அதுவே போதும்.