"ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வாங்க மேடம்": லோக்கல் ஊசியில் ஃபேஸ்லிஃப்ட் என்று நம்பிப் போன கதை

க்ளினிக் பெயரை எழுதக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். சென்னையில் இருக்கிறது, அதோடு விடுகிறேன். விளம்பரத்தில் என்ன போட்டிருந்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன்: "மயக்க மருந்து இல்லை, பயம் இல்லை. காலையில் வந்து மாலையில் வீடு."

எனக்கு வயது 61. வங்கியில் 31 வருடம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். தாடைக்குக் கீழே சதை தொங்கியது எனக்குப் பிடிக்கவில்லை, கையில் பணம் இருந்தது. தொங்கும் தோலை இழுத்துத் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் ஆபரேஷனுக்குப் போனேன். இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று கேட்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

ஜெனரல், அதாவது முழு மயக்கம் என்றாலே எனக்கு நடுக்கம். லோக்கல் என்றால் அந்த இடத்தை மட்டும் மரக்க வைக்கும் ஊசி. எங்கள் அத்தை பித்தப்பை ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் ஆள் தெரியாமல் உளறியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தைத்தான் க்ளினிக்கில் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் (டாக்டர் என்று நினைத்தேன், கவுன்சிலராம்) ஒரு மணி நேரம் பேசினாள். "ஜெனரல்னா தொண்டைல குழாய் விடுவாங்க மேடம், உங்க வயசுக்கு ரிஸ்க். லோக்கல்னா நீங்க பாட்டு கேட்டுக்கிட்டே படுத்திருக்கலாம்." செலவு 1,90,000 ரூபாய். மயக்க டாக்டர், பெரிய ஆஸ்பத்திரி தியேட்டர் என்று போனால் இன்னும் ஒரு லட்சம் ஆகும் என்றாள். சர்ஜன் வந்து கன்னத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் போய்விட்டார். மயக்க டாக்டர் யாரும் என்னைப் பார்க்கவில்லை. லோக்கல்தானே, எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

முந்தின நாள் போன் செய்து, வெறும் வயிற்றில் வரவேண்டுமா என்றேன். "லோக்கல்தானே, ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வாங்க மேடம்." ஏழரை மணிக்கு இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி, ஒரு டம்ளர் காபி. ஒன்பதரைக்குத் தியேட்டர்.

ஊசி போட்டபோது வலித்தது, பிறகு மரத்துவிட்டது. முதல் பக்கம் பரவாயில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், யாரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை: காதுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல் ஓடும் சத்தம் வெளியிலிருந்து வராது, எலும்பு வழியாக மண்டைக்குள்ளேயே கேட்கும். ஈரத்துணியைக் கத்தரிப்பது மாதிரி. கூடவே சதை கருகும் வாடை. பாட்டெல்லாம் ஒன்றும் போடவில்லை.

இரண்டாவது பக்கம் பாதியில் வலி தெரிய ஆரம்பித்தது. சொன்னேன். மறுபடி ஊசி. மறுபடி வலி, மறுபடி ஊசி. கொஞ்ச நேரத்தில் நாக்கில் பழைய காசைச் சப்பின ருசி, காதுக்குள் ரீங்காரம், உதட்டைச் சுற்றி மதமதப்பு. அதையும் சொன்னேன். "டென்ஷன் மேடம், ஒண்ணும் இல்ல" என்றார்கள். பிபி 180-ஐத் தாண்டுகிறது என்று நர்ஸ் சொன்னது காதில் விழுந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தார்கள். கையில் ஏதோ ஏற்றினார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்த நேரத்தில் வெளியே என் வீட்டுக்காரரிடம் ஒரு தாளை நீட்டி, "ஃபார்மாலிட்டி சார்" என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். மயக்கத்துக்கான சம்மதப் படிவம். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். என் வீட்டில் இது.

என்ன நடந்தது என்பதை எனக்குப் புரியவைத்தவள் மதுரையில் மயக்க டாக்டராக இருக்கும் என் தங்கை மகள். போனில் முழுதும் கேட்டுவிட்டு அவள் முதலில் கேட்டது, "பெரியம்மா, சாப்பிட்டுட்டா போனீங்க?" என்றுதான்.

அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். மரக்க வைக்கும் லிக்னோகெயினுக்கு எடைக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. அட்ரினலின் கலந்திருந்தால் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை என்பது வழக்கமான வரம்பு. நான் 52 கிலோ, அதாவது 364 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் ஒரு மில்லியிலேயே 20 மில்லிகிராம் இருக்கிறது, ஆக 18 மில்லியில் என் பங்கு தீர்ந்துவிடும். முகத்துக்கு அதை நிறையத் தண்ணீராக்கித்தான் போடுவார்கள், மெதுவாக ஏறும் என்பதால் அப்போது கணக்கு கொஞ்சம் தளரும். ஆனாலும் மொத்தம் எவ்வளவு போனது என்று ஒருவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். வாயில் உலோக ருசி, காதில் ரீங்காரம், உதடு மதமதப்பு மூன்றும் மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறுவதற்கான முதல் அறிகுறிகளாம். அடுத்தது வலிப்பு, அதற்கு மேல் இதயம். அதற்கு முறிவாக 20 சதவீதக் கொழுப்புக் கரைசல், இன்ட்ராலிப்பிட் மாதிரி, தியேட்டரில் தயாராக இருக்க வேண்டும். எனக்கு டென்ஷன் என்றார்கள்.

வலி அடங்காதபோது கையில் ஏற்றியது மிடாசோலம், புரோபோஃபால் என்ற தூக்க மருந்துகள். லேசான தூக்கத்துக்கும் முழு மயக்கத்துக்கும் நடுவில் சுவர் எதுவும் கிடையாது, அரை மில்லி கூடினால் அந்தப் பக்கம் போய்விடுவோம் என்றாள். "ஜெனரல்ல மூச்சுக்குழாய்ல டியூப் இருக்கும், வயித்துல இருக்கறது நுரையீரலுக்குப் போகாம அது ஓரளவு காப்பாத்தும். உங்களுக்கு மயக்கம் மட்டும் இருந்துச்சு, டியூப் இல்ல, வயித்துல இட்லி இருந்துச்சு." திட உணவுக்கு ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். எனக்கு இரண்டு மணி நேரம்தான். மூக்கில் திறந்த ஆக்ஸிஜன், ஒரு சாண் தூரத்தில் சதையைச் சுடும் காட்டரி என்றதும் அவள் குரலே மாறிவிட்டது. முகத்தில் தீப்பிடித்த கேஸ்கள் உண்டாம்.

யார் என் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. 2016-ல் இதே சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவர் இறந்துபோனாரே, அதையும் "சின்ன வேலை"யாகத்தானே நினைத்திருப்பார்.

கதை அதோடு முடியவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பில்லில் "மானிட்டர்டு அனஸ்தீசியா" என்று 35,000 கூடுதல். அழகு சிகிச்சை என்பதால் மொத்தத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. இன்ஷூரன்ஸ் கிடையாது. ராத்திரி பதினொன்றுக்கு வலது கன்னம் மட்டும் கல் மாதிரி இறுகி, கண்ணுக்குக் கீழே வரை வீங்கியது. க்ளினிக் எண்ணை ஒன்பது தடவை அழைத்த பிறகு எடுத்த கவுன்சிலர் ஐஸ் வைக்கச் சொன்னாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு ஓடினோம். உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. ஃபேஸ்லிஃப்டில் அதிகம் வரும் சிக்கலே இதுதானாம், பிபி ஏறினால் வாய்ப்பு இன்னும் கூடும்.

விடிகாலை மூன்று மணி. உயிர் ஊசலாடும் நேரம் என்றில்லை, ஆனாலும் அவசரம்தான். அந்த அவசரத்திலும் ஒரு மயக்க டாக்டர் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கடைசியாக எப்போது சாப்பிட்டேன், ஆடும் பல் உண்டா, குறட்டை விடுவேனா, ஆஸ்பிரின் எடுக்கிறேனா, வாயை எவ்வளவு திறக்க முடியும். எந்தப் பயத்துக்காக ஓடினேனோ அதே ஜெனரலில்தான் என்னைக் காப்பாற்றினார்கள். மறுநாள் தொண்டை கரகரத்தது, ஒரு தடவை வாந்தி வந்தது. வாந்தியோ இருமலோ வந்தால் பிபி ஏறி மறுபடி கசியலாம் என்று அதற்கும் முன்கூட்டியே மருந்து கொடுத்திருந்தார்கள். உளறவெல்லாம் இல்லை.

லோக்கலே மோசம் என்று சொல்லவில்லை. லோக்கலோடு லேசான தூக்க மருந்து கொடுத்து இந்த ஆபரேஷனை நன்றாகச் செய்கிற டாக்டர்கள் நிறையப் பேர் என்று தங்கை மகளே சொல்கிறாள். சின்ன அளவில் செய்வதற்கு அதுவே நல்லது, மயக்கத்திலிருந்து எழும்போது வரும் இருமல் தொந்தரவும் இல்லை. என்னிடம் லோக்கல் என்று விற்றது மயக்க டாக்டரின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு. போகிறவர்கள் லோக்கலா ஜெனரலா என்று கேட்பதற்கு முன்னால், "எம்.டி. அனஸ்தீசியா படித்தவர் யார், அவர் ஆபரேஷன் முடியும்வரை என் தலைமாட்டில் இருப்பாரா, பாதியில் வலித்தால் என்ன செய்வீர்கள்" என்று கேளுங்கள். லோக்கல் என்று சொன்னாலும் வெறும் வயிற்றோடு போங்கள்.

கேஸ் ஷீட்டை, அதாவது எனக்கு என்ன செய்தார்கள் என்ற சிகிச்சைக் குறிப்பை, க்ளினிக்கில் எழுத்தில் கேட்டேன். கேட்ட 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் வருட மருத்துவக் கவுன்சில் விதி. பத்தொன்பதாம் நாள் இரண்டு பக்கம் வந்தது. வீட்டுக்காரர் போட்ட கையெழுத்தைக் காட்டி, சம்மதம் வாங்கித்தான் செய்தோம் என்கிறார்கள். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது என்கிறார் வக்கீல். அதிலும் நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது வெளியே இருந்த அம்மாவிடம்தான் சம்மதம் வாங்கினார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தானே முடிவெடுக்கக்கூடிய, வயது வந்த ஒருவருக்காக வேறொருவர் தரும் சம்மதம் செல்லாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிறது.

வீக்கம் வடிந்துவிட்டது. தாடை நன்றாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய். வலது காது மடலுக்கு மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. கம்மல் போடும்போது திருகு சரியாக ஏறியதா என்று கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அந்த இரண்டு பக்க கேஸ் ஷீட்டில் லிக்னோகெயின் என்று இருக்கிறது, எத்தனை மில்லி என்று இல்லை. மயக்க மருத்துவர் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்.