ஒரே லினக்ஸ், பல வாசல்கள்: உபுண்டு, மின்ட், ரெட் ஹேட், பாஸ், குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் – யாரை நம்பி இறங்கலாம்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை சிப்பாவது இருக்க வேண்டும். சென்னையில் டியூஷன் சென்டர், ஆடிட்டர் அலுவலகம், ஜெராக்ஸ் கடை என்று எங்கே போனாலும் ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஒரு எஸ்எஸ்டி மாற்றினால் அவற்றில் பல இன்னும் சில வருஷம் தாராளமாக ஓடும். அதனால்தான் இப்போது பலர், நிரலை யார் வேண்டுமானாலும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல இயங்குதளமான லினக்ஸ் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். உடனே வரும் கேள்வி: எந்த லினக்ஸ்?

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் எல்லாம் திரையைப் பற்றியது. எது அழகு, எது வேகம், எதன் மெனு விண்டோஸ் மாதிரி இருக்கிறது என்பார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். எல்லாவற்றிலும் உள்ளே ஓடுவது லினக்ஸ் கெர்னல் என்ற மையப்பகுதிதான். பெரும்பாலானவற்றில் லிப்ரே ஆபிஸும் ஃபயர்பாக்ஸும்கூட அதேதான். அதைக் கட்டி நம் கையில் கொடுப்பவர் யார், அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, நாளைக்கு அவர் முடிவை மாற்றினால் நாம் எங்கே போய் நிற்போம் – இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் நான் யாருக்கும் பரிந்துரைப்பேன்.

உபுண்டுவும் மின்ட்டும்

உபுண்டுவின் முதல் பதிப்பு 2004 அக்டோபரில் வந்தது. அதன் பின்னால் இருப்பது மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய கனோனிக்கல் நிறுவனம். டெபியன் என்ற தன்னார்வலர் திட்டத்தை அடித்தளமாக வைத்து, சாதாரண ஆள் நிறுவக்கூடிய ஒன்றாக மாற்றியதுதான் அவர்கள் செய்த பெரிய வேலை. பிராட்பேண்ட் அரிதாக இருந்த காலத்தில், கேட்டவர் வீட்டுக்கே இலவசமாக சிடியைத் தபாலில் அனுப்பினார்கள். 2011 வரை அது நடந்தது. லினக்ஸை நம் வீட்டு வாசல் வரை கொண்டுவந்த பெருமை அந்த சிடிக்கு உண்டு.

இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு வருகிறது. அதற்கு ஐந்து வருஷம் பாதுகாப்பு அப்டேட் உண்டு. உபுண்டு ப்ரோவில் பதிவு செய்தால் பத்து வருஷம் வரை நீளும். சொந்த உபயோகத்துக்கு ஐந்து மெஷின் வரை அதுவும் இலவசம். சர்வர், கிளவுட், பெரிய நிறுவனங்களுக்கான ஆதரவு ஆகியவற்றில் வரும் பணம் டெஸ்க்டாப்புக்கும் சோறு போடுகிறது. டெல், லெனோவோ, எச்பி லேப்டாப் மாடல்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஏற்பாடும் அவர்களிடம் இருக்கிறது. புது லேப்டாப் வாங்கும் முன் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டால் வைஃபை வேலை செய்யுமா என்ற கவலை பாதி தீர்ந்துவிடும்.

ஆனால் கனோனிக்கல் அவ்வப்போது பயனரைக் கேட்காமலே முடிவெடுக்கும். 2012-இல் வந்த 12.10 பதிப்பில், நம் கணினிக்குள்ளேயே ஒரு ஃபைலைத் தேடினாலும் அந்தத் தேடல் வெளியே போய் அமேசான் பொருள்களோடு திரும்பி வந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு, 16.04-இல்தான் அதைத் தானாக இயங்காதபடி வைத்தார்கள். அடுத்தது ஸ்னாப், மென்பொருளைப் பொதியாக்கிக் கொடுக்க கனோனிக்கல் உருவாக்கிய முறை. 22.04 முதல் ஃபயர்பாக்ஸே ஸ்னாப் பொதியாகத்தான் வருகிறது. ஸ்னாப் கடை ஒன்றே ஒன்று. அதை நடத்துவது கனோனிக்கல். அதன் சர்வர் பக்க நிரல் திறந்த மூலம் இல்லை. திறந்த மூல இயங்குதளம் ஒன்றின் மென்பொருள் கடை மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மின்ட் இந்த இடத்தில்தான் பிரிகிறது. உபுண்டு எல்டிஎஸ் மீது கட்டப்பட்டது என்பதால் ஐந்து வருஷ அப்டேட் அப்படியே கிடைக்கும். 2020-இல் வந்த மின்ட் 20-இல், நாம் கேட்காமல் ஸ்னாப் உள்ளே வராதபடி தடுத்துவிட்டார்கள். நன்கொடையும் ஸ்பான்சர்களும்தான் வருமானம். சின்னக் குழு, ஆகவே புது வன்பொருளுக்கான ஆதரவு கொஞ்சம் தாமதமாகும். உபுண்டு ஒருநாள் கைவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் விடை வைத்திருக்கிறார்கள்: நேரடியாக டெபியன் மீது கட்டிய எல்எம்டிஇ என்ற தனிப் பதிப்பைக் கூடவே பராமரித்து வருகிறார்கள். அந்த முன்யோசனைக்காகவே எனக்கு மின்ட் மீது கூடுதல் மதிப்பு. பழைய மெஷின், வீடு, சின்ன அலுவலகம் என்றால் என் முதல் பரிந்துரை, சின்னமன் என்ற டெஸ்க்டாப்போடு வரும் மின்ட்தான்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இரண்டிலும் ஒரு விஷயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஐபஸ் உள்ளீட்டு முறையோடு எம்17என் பொதியைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். ‘பக்கம்’ என்று அடித்துப் பாருங்கள். ப, பிறகு க இரண்டு தடவை. முதல் ‘க’வுக்குப் புள்ளி தானாக விழ வேண்டும். விழுந்தால் அமைப்பு சரி. டிடிபி வேலை பார்ப்பவர்கள் நிலைமை வேறு. பழைய பாமினி எழுத்துருவில் இருக்கும் வேர்டு கோப்பு, அந்த எழுத்துருவை நிறுவிவிட்டால் லிப்ரே ஆபிஸில் திறந்துவிடும். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை நம்பிப் பிழைப்பு நடக்கிற கடையில் ஒரு விண்டோஸ் மெஷினை அப்படியே வைத்திருக்கத்தான் வேண்டும்.

ரெட் ஹேட்

சென்னை ஓஎம்ஆர் சாலையின் ஐடி கம்பெனிகளில் சர்வர் பக்கம் வேலை தேடுபவர்களால் ரெட் ஹேட்டைத் தவிர்க்க முடியாது. நாம் எல்லோரும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். கெர்னல், க்னோம் (டெஸ்க்டாப்), சிஸ்டம்டி (சிஸ்டத்தைத் தொடங்கி நிர்வகிப்பது), பைப்வயர் (ஒலி, வீடியோ) என்று அவர்கள் சம்பளம் கொடுத்து எழுத வைத்த நிரல்தான் உபுண்டுவிலும் டெபியனிலும் ஓடுகிறது. இலவச மென்பொருளை வைத்துப் பெரிய வியாபாரம் நடத்த முடியும் என்று நிரூபித்ததும் அவர்கள்தான். 2019-இல் ஐபிஎம் அந்த நிறுவனத்தை 3400 கோடி டாலருக்கு வாங்கியது.

அவர்கள் வழி இது: பணம் கட்டுபவருக்கு ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ், முன்னோட்டமாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஃபெடோரா. சந்தா கட்ட முடியாதவர்களுக்கு நடுவில் சென்ட்ஓஎஸ் இருந்தது. அதே நிரலை அப்படியே தொகுத்து இலவசமாகக் கொடுத்த திட்டம் அது. சிறு ஹோஸ்டிங் நிறுவனங்களும் கல்லூரி லேப்களும் அதை நம்பித்தான் சர்வர் ஏற்றின. 2014-இல் ரெட் ஹேட் அந்தத் திட்டத்தைத் தன் குடைக்குள் கொண்டுவந்தது. சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று சொல்லியிருந்தார்கள். 2020 டிசம்பரில், 2021 கடைசியோடு முடிகிறது என்று அறிவித்தார்கள். எட்டு வருஷத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது என்று எண்ணியிருந்தவர்கள் கையில் ஒரே ஒரு வருஷம் மிஞ்சியது. அடுத்து 2023 ஜூனில், என்டர்பிரைஸ் பதிப்பின் மூல நிரலைப் பொதுவில் வைப்பதை நிறுத்தி, வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்றார்கள். மற்றவர்களுக்கு, என்டர்பிரைஸின் அடுத்த பதிப்புக்கு முன்னோட்டமான சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம். நிரலைப் பகிரச் சொல்லும் ஜிபிஎல் உரிமப்படி இது செல்லுமா என்று வாதம் நடந்தது. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். சொன்ன தேதியை நம்பித் திட்டம் போட்டவனை நடுவழியில் இறக்கிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

திறந்த மூலத்தின் பலமும் அங்கேதான் தெரிந்தது. 2021 பாதிக்குள் சென்ட்ஓஎஸுக்கு மாற்றாக அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் இரண்டும் வந்துவிட்டன. சென்ட்ஓஎஸ் சர்வரை அழிக்காமல், ஒரு ஸ்கிரிப்டை ஓட்டியே அல்மாவுக்கு மாற முடிந்தது. மூடிய இயங்குதளத்தை ஒரு நிறுவனம் கைவிட்டால் இப்படி நடக்க வாய்ப்பே இல்லை. ரெட் ஹேட் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிப்பவர்கள் அல்மாவிலோ ராக்கியிலோ பழகலாம். அல்லது ரெட் ஹேட்டே தரும் இலவச டெவலப்பர் சந்தாவை எடுக்கலாம். 16 சிஸ்டம் வரை செல்லும். வீட்டு டெஸ்க்டாப்புக்கு ஃபெடோரா நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு சுமார் 13 மாதம்தான். வருஷத்துக்கு ஒருமுறை அப்கிரேடு செய்யத் தயாராக இருப்பவர்கள் எடுக்கலாம். அப்பாவின் கணினிக்கு வேண்டாம்.

சூசே பற்றித் தனியாக நீட்ட வேண்டியதில்லை. உருப்படியான ஜெர்மன் தயாரிப்பு. அப்டேட் சொதப்பினால் முந்தைய நிலைக்குத் திரும்பும் ஸ்னாப்பர் வசதிக்காகவே ஓபன்சூசேயை விரும்புபவர்கள் உண்டு. ஆனால் டெஸ்க்டாப்பில் சந்தேகம் வந்தால் பக்கத்தில் கேட்க ஆள் கிடைப்பது கடினம்.

பாஸ்: நம்ம ஊர் இயங்குதளம்

பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், சுருக்கமாக பாஸ். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. டெபியன்தான் அடித்தளம். தமிழ் உள்பட இந்திய மொழிகளுக்கான வசதிகள் முதலிலிருந்தே உண்டு. பள்ளிகளுக்கென்று எடுபாஸ் என்ற பதிப்பும் வந்தது.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கி இருக்கவில்லை. பாஸ் வந்த அதே காலகட்டத்தில், ஐஏஎஸ் அதிகாரி சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகத்திலேயே சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011-இல் தொடங்கிய மாணவர் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்து வந்தது. ஆனால் நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் பூட் மெனுவில் பாஸ் பக்கம் போனதே இல்லை. வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, பாடத்தில் அது வரவில்லை, லேப்டாப்பைப் பழுது பார்த்த கடைக்காரரும் முதல் வேலையாக அதை அழித்துவிட்டு டிஸ்க் இடத்தை மீட்டுக் கொடுத்தார்.

கேரளத்தில் வேறு விதமாகச் செய்தார்கள். அங்கே மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் நிறுவனம் உபுண்டுவை வைத்துத் தனக்கென ஓர் இயங்குதளத்தைத் தயாரித்தது. அதோடு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஐடி பாடநூலையும் தேர்வையும் அதற்கேற்ப அமைத்தது. நிரல் அளவில் பார்த்தால் பாஸ் அதற்குக் குறைந்தது இல்லை. நம்மிடம் விடுபட்டது கொண்டுசேர்க்கும் வேலை. சென்னையிலேயே உருவான ஒன்றுக்கு சென்னைப் பள்ளிகளிலேயே இந்தக் கதி வந்ததில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. அரசுப் பள்ளி, அரசு அலுவலகம் என்றால் இன்றும் பாஸைத்தான் சொல்வேன், பயிற்சியும் கூடவே வரும் பட்சத்தில். தனி ஆளுக்கு, அதே டெபியன் குடும்பத்தில் உதவி எளிதாகக் கிடைக்கும் மின்ட் போதும்.

குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ்

2022-இல் கூகுள் வெளியிட்டது. 4 ஜிபி ரேம் இருந்தால் போதும், பிரவுசரே எல்லாம். இதன் மூலமான குரோமியம் ஓஎஸ் திறந்த மூலம்தான், ஆனால் ஃப்ளெக்ஸைக் கட்டுவதும் அதன் போக்கைத் தீர்மானிப்பதும் கூகுள் மட்டுமே. ஒவ்வொரு மாடலுக்கும் ஆதரவு முடியும் ஆண்டையும் அவர்களே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு ஆப்கள் இதில் ஓடாது. மீட்டிங், மெயில், ஜோஹோ புக்ஸ் என்று முழுக்க பிரவுசரில் வேலை செய்பவருக்கு ஒத்துவரும். மற்றவர்களுக்கு நான் சொல்வதில்லை.

எதை எடுத்தாலும் ஹார்ட் டிஸ்கில் நிறுவும் முன் பென் டிரைவிலிருந்து பூட் செய்து அரை மணி நேரம் வேலை பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவை அப்படி ஓடும். வைஃபை, ஒலி, வெப்கேம், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். பிரிண்டர் மிக முக்கியம். எச்பி என்றால் எச்பிலிப் என்ற டிரைவர் பெரும்பாலும் கூடவே இருக்கும். சில பழைய லேசர் மாடல்களுக்கு மட்டும் ஒரு பிளகின் தனியாக இறக்க வேண்டும். வேறு கம்பெனி என்றால் மாடல் எண்ணோடு லினக்ஸ் என்று சேர்த்துத் தேடிவிட்டு முடிவெடுங்கள். ஜிஎஸ்டி, எம்சிஏ (கம்பெனி விவகார அமைச்சகம்) தாக்கல் செய்யும் அலுவலகம் என்றால் டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கனைச் செருகி ஒரு கையெழுத்துப் போட்டுப் பாருங்கள். டேலி ஓடும் மெஷினை மட்டும் மாற்றாமல் விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள்.