பிரேக் பெடலுக்கும் பாலிஷ் போட்டு அனுப்பிய கடை

வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் தெருவுக்குத் தெரு வாட்டர் வாஷ் கடைகள் முளைத்திருக்கின்றன. அதில் எதிலாவது காரை ‘இன்டீரியர் டீட்டெயிலிங்’ விடும் எண்ணம் இருந்தால், சாவியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் எடுத்தது 2,400 ரூபாய் பேக்கேஜ். வேக்குவம், சீட் ஷாம்பு, டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் எல்லாம் சேர்த்து. “இம்போர்டட் ஐட்டம் மேடம், டயர்ல வெடிப்பே விடாது” என்றார் முதலாளி. மாலையில் வண்டி பளபளவென்றுதான் நின்றது. கதவைத் திறந்தால் குப்பென்று மண்ணெண்ணெய் வாடை. கேட்டதற்கு, “ரெண்டு நாள்ல போயிடும், ஜன்னலைத் திறந்து வைங்க” என்று பதில் வந்தது.

வாடை போவதற்குள் வேறொன்று நடந்தது. மத்திய கைலாஷ் சிக்னலில் நிறுத்தும்போது கால் பிரேக் பெடலில் இருந்து சர்ரென்று வழுக்கியது. முன்னால் நின்ற ஆட்டோவை இடிக்க ஒரு சாண்தான் பாக்கி. ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூன்றின் ரப்பரும் மினுமினுக்கின்றன. டேஷ்போர்டுக்குப் போட்டதையே பெடலுக்கும் தேய்த்திருக்கிறார்கள். ஸ்டீயரிங்கிலும் அதே கதை. அப்பளம் பொரித்த கையோடு பிடித்த மாதிரி பிசுபிசுப்பு.

அதோடு விட்டதா? பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது, கூடவே கீச்சென்று சத்தம். ஆதம்பாக்கத்தில் நாங்கள் வழக்கமாக விடும் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றியதும், “ஏம்மா, டிஸ்க்குக்கும் சேர்த்தா பாலிஷ் அடிச்சாங்க?” என்று கேட்டார். டயரில் பாலிஷை ஸ்பிரே பண்ணியபோது அலாய் வீல் இடுக்கு வழியாக உள்ளே சுழலும் பிரேக் டிஸ்க்கில் தெறித்திருக்கிறது. டிஸ்க்கை பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிடலாம். அந்த டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடு எண்ணெய் ஊறிவிட்டால் அப்படியில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றினேன்.

பிறகு கடைக்குப் போய், என்ன போட்டீர்கள், காட்டுங்கள் என்று நின்றேன். ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன். லேபிள் இல்லை, கம்பெனிப் பெயர் இல்லை, தேதி இல்லை. அதிலிருந்து ஒரு பையன் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டுப் பீய்ச்சிக்கொண்டிருந்தான். டேஷ்போர்டு, டயர், கதவு ரெக்சின் எல்லாவற்றுக்கும் அதே பாட்டில், அதே பஞ்சு. “எல்லா வண்டிக்கும் இதான் மேடம் போடுறோம், யாரும் எதுவும் சொன்னதில்ல” என்றார் முதலாளி. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

டயர் பாலிஷில் பொதுவாக இரண்டு வகை. இரண்டிலும் பளபளப்பைத் தருவது பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய்தான். அதை எதில் கலந்திருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். தண்ணீரில் கலந்தது பெரும்பாலும் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், வாடை குறைவு. மற்றது பெட்ரோலியக் கரைப்பானில் கலந்தது. தெளிவாக, எண்ணெய்ப் பசையோடு, மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். வெயிலும் ஓசோனும் ரப்பரைப் பிளக்காமல் இருக்க டயருக்குள்ளேயே மெழுகும் தடுப்பு ரசாயனமும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். அவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து டயரைக் காக்கும். பெட்ரோலியக் கரைப்பானைத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் அந்தப் பாதுகாப்பைத்தான் கரைத்து எடுக்கிறோம். வெடிப்பு விடாது என்று சொல்லி விற்பது வெடிப்புக்கே வழி செய்கிறது. நம் ஊர் வெயிலில், மொட்டை வெளியில் நிற்கும் வண்டிக்குக் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டயரின் பக்கவாட்டில் பழுப்பு படிவதைக் காட்டி, “டயர் செத்துப்போச்சு, பாலிஷ் போடணும்” என்பார்கள். அந்தப் பழுப்பு பெரும்பாலும் மேலே கசிந்த அதே தடுப்பு ரசாயனம்தான். சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். டயருக்கு வயசாகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமானால், பக்கவாட்டில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது.

உள்ளே எனக்குப் பளபளப்பே வேண்டாம் என்றாகிவிட்டது. டேஷ்போர்டு மின்னினால் மதிய வெயிலில் அது முன் கண்ணாடியில் பிரதிபலித்துப் பாதையை மறைக்கிறது, தூசியும் அப்பிக்கொள்கிறது. இப்போது நானே ஈர மைக்ரோஃபைபர் துணியில் துளி ஷாம்பு விட்டுத் துடைக்கிறேன், அவ்வளவுதான். ஸ்டீயரிங், கியர் குமிழ், பெடல் மூன்றிலும் பாலிஷ் என்று எதுவுமே படக் கூடாது. டச் ஸ்கிரீனில் அமோனியா கலந்த வீட்டுக் கண்ணாடி கிளீனரை அடிக்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். டயருக்குப் போட்டே ஆக வேண்டும் என்றால் லேபிளில் ‘வாட்டர் பேஸ்டு’ என்று இருப்பதை வாங்கி, ஸ்பிரே பண்ணாமல் ஸ்பாஞ்சில் எடுத்துப் பக்கவாட்டில் மட்டும் தடவி, மிச்சத்தைத் துடைத்து, காய்ந்த பிறகு வண்டியை எடுங்கள். தரையில் படும் பட்டன் பகுதியில் பட்டால் வழுக்கும். ஸ்பிரே டப்பாவை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், வெடிக்கும்.

புகாரை 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். கடைக்காரர் 2,400-ஐத் திருப்பித் தருகிறேன் என்கிறார், பேடு மாற்றிய செலவுக்கு மட்டும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார். எனக்கு அதுவும் வேண்டும். படியவில்லை என்றால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. அந்தக் கேனையும் பாட்டிலையும் போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். கடை கொடுத்த பில்லில் ‘ஃபுல் வாஷ்’ என்று மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் விடும்போது என்ன பிராண்ட் போடுகிறார்கள் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.