கேலக்ஸி, கோலாப், அமேசான்: வடசென்னை பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் வகுப்புக்கு எது சரி?

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பயோடெக் படிக்கும் பிள்ளைகள் பலரிடம் இருப்பது 8 ஜிபி ரேம் லேப்டாப்பும் போன் ஹாட்ஸ்பாட்டும்தான். மனித ஆர்என்ஏ சீக்வென்ஸை ஸ்டார் மென்பொருளில் அலைன் செய்யவே, அதாவது ஜீனோமில் எந்த இடத்தோடு பொருந்துகிறது என்று பார்க்கவே, சுமார் 30 ஜிபி ரேம் கேட்கும். கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வேறிடத்துக் கம்ப்யூட்டருக்குப் போகாமல் வழியில்லை.

பயிற்சிக்கு என் ஓட்டு, கோடிங் எழுதாமல் பிரௌசரிலேயே பட்டனைத் தட்டி இந்த ஆய்வுகளைச் செய்ய உதவும் தளமான கேலக்ஸிக்குத்தான். இலவசம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. காசநோய்க் கிருமியின் சீக்வென்ஸ் வேண்டுமா? எஸ்ஆர்ஆர் என்று தொடங்கும் அதன் பதிவு எண்ணைக் கொடுத்தால் போதும், கேலக்ஸி சர்வரே பொதுத் தரவகத்திலிருந்து கோப்பை எடுத்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கான எம்பி மாணவரின் டேட்டா பேக்கைத் தொடவே தொடாது. கொடுத்த வேலை வலப்பக்கப் பட்டியலில் சாம்பல் நிறத்தில் காத்திருக்கும். ஓடும்போது மஞ்சள், முடிந்தால் பச்சை, சொதப்பினால் சிவப்பு. நடுவில் கரண்ட் போய் லேப்டாப் அணைந்தாலும் சர்வரில் வேலை ஓடிக்கொண்டே இருக்கும். சிவப்பு வந்தால் அழித்துவிட்டு மறுபடி ஓட்ட விடாதீர்கள். அதைத் திறந்து பிழைச் செய்தியைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆசிரியர்கள் பலருக்குத் தெரியாத வசதி ஒன்றும் உண்டு. ஐரோப்பிய கேலக்ஸியில் வகுப்புத் தேதியை முன்கூட்டியே சொல்லி விண்ணப்பித்தால், அந்த வகுப்புக்கென்று தனி வரிசை ஒதுக்குகிறார்கள், அதுவும் இலவசமாக. வகுப்பே ஒரே நேரத்தில் பட்டனைத் தட்டினாலும் ஊர் உலகத்து வேலைகளுக்குப் பின்னால் நிற்க வேண்டாம்.

ஆனால் கேலக்ஸியில் கோடிங் கை வராது. அதற்குக் கோலாப், பிரௌசரிலேயே பைத்தான் எழுதி ஓட்டும் கூகுளின் சேவை. காசநோய்க் கிருமியின் ஜீனோம் சுமார் 44 லட்சம் டிஎன்ஏ எழுத்துதான். பைத்தானில் ஜிசி விகிதம் (ஜி, சி எழுத்துகளின் பங்கு) கணக்கிட இலவசக் கோலாப் தாராளம். நீண்ட வேலைக்கு மட்டும் நம்ப முடியாது. அதிகபட்சம் 12 மணி நேரம், சும்மா விட்டால் அதற்கு முன்பே அறுந்துவிடும். கூகுள் டிரைவில் சேமிக்காத கோப்புகளும் அதோடு போய்விடும்.

அப்புறம் அமேசானின் கிளவுட் சேவை. பெரிய ரேம் மெஷினை வேண்டிய நேரத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம், தரவு மையம் மும்பையிலேயே இருக்கிறது. ஆய்வுக்கு அருமை, வகுப்புக்கு வேண்டாம். கணக்குத் திறக்கவே கார்டு போன்ற பணம் கட்டும் வழி ஒன்றைக் கேட்கும். மெஷினை நிறுத்தினாலும் அதன் டிஸ்க்குக்கு வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். பட்ஜெட் அலர்ட் வைத்தாலும் மெயில்தான் வரும். தனியாக அமைக்காவிட்டால் எதையும் அது நிறுத்தாது. வேலை முடிந்ததும் மெஷினை டெர்மினேட் செய்துவிட்டு (அடியோடு நீக்கிவிட்டு), டிஸ்க்கும் போய்விட்டதா என்று பார்த்த பிறகே எழுந்திருங்கள்.